கசடு 640 கன மீட்டர்

ஐம்பதாம் ஆண்டு மலருக்கு நான்கு பக்க வரலாறு வேண்டுமாம்.
நான்காம் பக்கத்தில் பாதி தொத்திறைச்சிக் கடை விளம்பரம்.
செயலாளர் நீதானே, எழுது என்று
ஐந்து குறிப்பேடுகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவையும்
மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

சங்கம் என்றாலே எனக்குக் கடல்கோள் நினைவு வரும்.
இரண்டைக் கடல் கொண்டது, மூன்றாவது மதுரையில் என்று
பள்ளியில் ஒப்பித்தவன்.
டாட்டெல்ன் மோட்டார் படகுச் சங்கத்தை
எந்தக் கடலும் கொள்ளாது.
நான்கு கால்வாய்கள் கூடும் ஊரில்
ஒரு மூலையில் வெட்டிய துறை.
ஆழம் மூன்று மீட்டர். அலை கிடையாது.

துறை எங்களுக்காக வெட்டியதல்ல,
நிலக்கரி ஏற்ற வெட்டியது.
கரி ரயிலுக்கு மாறியதும்
ஏழு பேர் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தார்கள்,
ஆண்டுக்கு ஐம்பது மார்க், 1957.
முதல் படகு ஒரு பழைய இராணுவ மிதவை.
அதற்கு மூன்று சக்கர வண்டியின் இயந்திரம்.
முதல் பயணம் நானூறு மீட்டர்.
திரும்பி வந்தது கயிற்றில்.

குறிப்பேட்டில் இன்னும் இருப்பவை:
சாவி தொலைந்த கணக்கு, பீர் கணக்கு,
படகில் துணி காயப்போடக் கூடாது என்ற தீர்மானம்,
அதை நீக்கிய தீர்மானம்,
‘விருந்தினர்: திருமதி டெர்ப்ரூகன்.’
பதினோரு ஆண்டுகள், அதே மையில், விருந்தினர்.

ஈர்ம்கார்ட் டெர்ப்ரூகன்
தன் படகைத் தானே கட்டியவர்.
கணவருக்குத் தண்ணீர் ஆகாது.
கொட்டகையில் இரண்டு குளிர்காலம்,
பலகைக்குப் பலகை செம்பு ஆணி.
பெயர், கீபிட்ஸ்.
நம் வயல்வெளியில் அதற்கு உறவுக்காரி உண்டு,
ஆள்காட்டிக் குருவி.
சீட்டாட்டத்தில் ஆடாமல்
தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பவரையும்
இங்கே கீபிட்ஸ் என்பார்கள்.
தெரிந்தேதான் வைத்திருக்கிறார்.

1971. பெண்கள் உறுப்பினராகலாமா?
ஆம் பதினான்கு, இல்லை பதின்மூன்று.
மறுவாரம் படகின் பெயர்ப்பலகையைக் காணோம்.
குறிப்பேடு மூச்சுவிடவில்லை.
பிஸ்கட் டப்பாவில் ரசீது மட்டும்:
புதுப் பலகை, எழுத்துக் கூலி, பதினெட்டு மார்க்.
செலுத்தியவர், அவரே.

இதற்கிடையில் பூமி இறங்கியது.
கீழே கரி எடுத்தார்கள், மேலே எங்கள் கட்டடம் சாய்ந்தது.
பீர்க் குவளை மேசையில் தானாக நகர்ந்து
தலைவரிடம் போய்ச் சேருமாம்.
சுரங்கம் கொடுத்த நட்ட ஈட்டில்
ஒரு பாரந்தூக்கி வாங்கினார்கள்.
ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்.
எங்களுக்கு அந்த ஒருநாள்
அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, காலை எட்டு மணி.

1988. இறங்கிய கரைச்சுவரை உயர்த்தவென்று
துறையை அடைத்து நீரை இறைத்தார்கள்.
கிணறு வெட்டப் பூதம்.
பதினொரு சைக்கிள்.
ஒரு கல்லாப்பெட்டி.
திருட்டுப் போனதாகக் காப்பீடு வாங்கிய
ப்ரீடெல்மின் மோட்டார்.
எல்லோரும் சிரித்தார்கள், ப்ரீடெல்மும்.
பிறகு சேற்றில், குப்புற, ஒரு பலகை.

யாரும் சிரிக்கவில்லை.
வாக்களித்த இருபத்தேழு பேரில்
பத்தொன்பது பேர் அன்று அந்தக் கரையில் நின்றார்கள்.
புகைப்படம் டப்பாவில் இருக்கிறது:
அவரவர் அவரவர் பூட்ஸைப் பார்த்தபடி.
ஆள்காட்டி
யாரையும் காட்டவில்லை.

ஈர்ம்கார்ட் அப்போது துறைக் காப்பாளர்.
குழாயைத் திறந்து பலகையைக் கழுவினாராம்.
திருப்புளி கேட்டாராம். நான்கு கைகள் நீண்டனவாம்.
துளை நான்கு.
கையில் இருந்த திருகாணி மூன்று.

அன்றைய குறிப்பு, முழுவதும்:
‘கசடு 640 கன மீட்டர் அகற்றப்பட்டது. வானிலை நன்று.’

அச்சகத்துக்காரர் ஆறு வரி குறைக்கச் சொல்கிறார்.
மிதவையை வெட்டினேன். சைக்கிள்களை வெட்டினேன்.
தொத்திறைச்சியை வெட்ட முடியாது, பணம் வாங்கியாயிற்று.

கீபிட்ஸ் இப்போது என்னிடம்.
விற்கும்போது அவர் விலையில் இறங்கினார்,
ஒன்றில் மட்டும் இறங்கவில்லை:
நாலாவது திருகாணி போடாதே.
மணிக்கு எட்டு கிலோமீட்டரில் பலகை கடகடக்கும்.
துறை வாயில் நான் திரும்பும்போது
பெஞ்சில் இருக்கும் கிழவர்கள்
தலையைத் தூக்காமலே கையை மட்டும் அசைப்பார்கள்.